நிரந்தர முகவரி

1981 பெப்ரவரி 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். வெள்ளாமை வெட்டுகிற நேரத்தில் மழை. சாய்ந்தமருது முழுக்க வானத்தைத் திட்டுகிறது. எனக்கு வயல் இல்லை, திட்டவும் உரிமை இல்லை.

லீவில் முடிக்க வேண்டியவை:

– டியூட்டோரியல் கட்டுரைகள் திருத்துவது.

– து.த. (துறைத் தலைவர்) கேட்ட குறிப்பு. மலைநாட்டில் நான் படிப்பிக்கும் கம்பஸின் கைநூலில் போடவாம். கல்விப் பின்னணி, கற்பித்தல் ஆர்வங்கள், நிரந்தர முகவரி. ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்.

– குசினி ஓடு ஒழுகுகிறது. ஆள் பார்க்க வேண்டும்.

– ஸபியாவின் அலுமாரி. (போன கிழமையும் இதை எழுதினேன்.)

குறிப்பில் கை வைத்தேன். கல்முனையில் பள்ளிப் படிப்பு. வரலாற்றுச் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. முதுமாணி. கலாநிதிப் பட்ட ஆய்வு: கிழக்குக் கரை முஸ்லிம்களின் குடிமுறையும் (தாய்வழிக் குலங்கள்) தாய்வழிச் சொத்தும். முடிவுறவில்லை.

முடிவுறாத இந்த ஆய்வுக்கு ஸபியா வைத்த பெயர் 'மூத்த பொஞ்சாதி'. மேசையெல்லாம் தாள் பரந்து கிடந்தால், "மூத்தவ இன்னம் எழும்பல்லயா? நான் சோத்த எங்க வைக்கிற?" என்பாள். மூத்தவள் இன்னும் மேசையில் கிடக்கிறாள். இளையவள் ஒக்டோபரில் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டாள்.

அதற்கு மேல் எழுத வரவில்லை. மூடி வைத்தேன்.


பெப்ரவரி 3, செவ்வாய்

மழை விட்டது. மத்தியானச் சோறு ஜெஸீமா கொண்டு வந்தாள். ஸபியாவின் தங்கச்சி ஜெமீலாவின் இரண்டாவது மகள். ஸபியா படுக்கையில் கிடந்த மாதமெல்லாம் இங்கேயே தங்கிப் பார்த்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை என்றால் இவள்தான். என்னைப் பெரியவாப்பா என்பாள். மீன் குழம்பில் ஸபியாவின் கை தெரிகிறது. சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் அழுவோம்.

போகும்போது வாசலில் நின்று, "வியாழக்கிழம ஆக்கள் வாறாங்களாம், பெரியவாப்பா. ஊட்டப் பாக்க. நீங்க இரிப்பீங்கதானே?" என்றாள்.

"எந்த ஆக்கள்?"

ஓட்டமெடுத்தாள். அப்போதுதான் விளங்கியது, மாப்பிள்ளை வீட்டார்.

ஜெமீலாவின் வீடு மூத்த மகளின் கலியாணத்தோடு மூத்தவளுக்குப் போய்விட்டது. ஜெமீலாவும் புருஷனும் அதன் பின் அறையில். ஜெஸீமாவுக்கென்று வீடில்லை. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடில்லாமல் மாப்பிள்ளை இல்லை. அப்போ இங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஜெமீலாவின் இடம் நெருக்கடி. ஆட்களை வைத்து உபசரிக்க ஸபியாவின் இந்த வீட்டைக் கேட்கிறார்கள் போலும். தாராளமாக.


பெப்ரவரி 5, வியாழன்

நல்ல வெயில். பின்னேரம் வந்தார்கள். ஆண்கள் மூன்று, பெண்கள் ஒரு வான் நிறைய. மாப்பிள்ளையின் வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜியார். மாப்பிள்ளை பேங்கில் கிளார்க். அவர் வரவில்லை, வருவது வழக்கமுமில்லை.

நான் வெள்ளைச் சாரனும் சேட்டும். கதிரைகளை நானே துடைத்துப் போட்டேன். ஹாஜியார் வளவைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், சுவரில் விரலால் தட்டினார். பின்னாலுள்ள புத்தக அறையையும் காட்டினேன். சூறாவளியில் பழைய கூரை பறந்த பிறகு என் சம்பளத்தில் கட்டியது. பழைய காணி உறுதிகளின் பிரதிகளை எடுத்து விரித்து, எந்தக் குடி எந்தப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காராக இருந்தது என்று விளக்கினேன். விரிவுரை என்றால் எனக்கு நேரம் தெரியாது. மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர் இனிக் கம்பசிலதான் இரிப்பீங்க போல?" என்று கேட்டார் கடைசியில்.

"இல்ல ஹாஜியார். பென்ஷன் எடுத்தா இஞ்சதான். புத்தகமெல்லாம் இஞ்சதானே கிடக்கு. இருவது வரிசமா இரிக்கிற ஊடு."

"ஓம், ஓம்" என்றார்.

குசினியில் ஜெமீலாவின் கோப்பைச் சத்தம் நின்றது. பால் தீர்ந்திருக்கும்.

பலகாரத்தில் வட்டிலப்பம் மிச்சம் வந்தது. நன்றாக நடந்தது என்று நினைக்கிறேன். ஸபியா இருந்திருந்தால் கூடுதலாகக் கதைத்தேன் என்று சொல்லியிருப்பாள்.


பெப்ரவரி 10, செவ்வாய்

புழுக்கம். கட்டுரைகளில் பாதி முடிந்தது. நாலாம் கேள்வி நான் போட்டதுதான்: தாய்வழிக் குடியிருப்பு முறையை ஆராய்க. எல்லாரும் என் நோட்ஸை எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'ஆண் மனைவியின் வீட்டில் வந்து சேர்கிறான். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதால் பெண் பாதுகாப்புப் பெறுகிறாள்.' நல்ல வசனம். என் வசனம். பக்கத்தில் சிவப்பு மையால் 'ஆண்?' என்று போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். சொல்லிக் கொடுக்காததைக் கேட்கக் கூடாது.

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து தகவல் இல்லை. ஜெஸீமா சோற்றை வைத்துவிட்டு நிற்காமல் போகிறாள். ஜெமீலா இந்தப் பக்கமே காணோம்.


பெப்ரவரி 13, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். ஹவுழ்த் தொட்டியடியில் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருக்கும்போது தூணுக்கு மற்றப் பக்கம் இரண்டு பேர். கால் கழுவுகிற சத்தத்துக்கு மேலாகக் கதை.

"அந்தச் சம்மந்தம் என்னாச்சு?"

"ஹாஜியார் பின்வாங்குறாரு. ஊடு முழுசா இல்லயாம். சேருட பங்கு பாதி கிடக்காம். அவரு பென்ஷனுக்கும் இஞ்சதான் வருவாராம், அவர்ர வாயாலயே சொன்னயாம்."

"சேர் நல்ல மனிசன்தானே."

"நல்ல மனிசன்தான். எண்டாலும் ஒரு ஊட்டுல ரெண்டு மாப்புள சரிவருமா?"

தண்ணீர் முழங்கையில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. எத்தனையாவது தரம் கழுவினேன் என்று தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். குத்பாப் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

'இனிக் கம்பசிலதான் இரிப்பீங்க போல' என்பது குசலம் விசாரித்ததல்ல. பெண்ணுக்கென்று அவர்கள் பார்க்க வந்தது இதே வீட்டைத்தான்; அதுதான் அன்றைய ஒரே கேள்வி. மற்றதெல்லாம் வட்டிலப்பம். குசினியில் ஜெமீலாவுக்கு விளங்கி அவள் கை நின்றது. எனக்கு விளங்கவில்லை. குடிமுறை பற்றி வருஷத்துக்கு நாலு விரிவுரை செய்கிறவன் நான். சிரிப்பு வருகிறது, சிரிக்க முடியவில்லை.

ரெண்டு மாப்பிள்ளை. தலை நரைத்து, மனைவியை அடக்கம் பண்ணிய பிறகும் நான் இந்த வீட்டில் மாப்பிள்ளைதான்.


பெப்ரவரி 15, ஞாயிறு

ராத்தா மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். எனக்கு மூத்தவள், உம்மாவுக்குப் பிறகு எனக்கு உம்மா. கதை அவள் காதுக்கும் போயிருக்கிறது. வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள்.

"புள்ள இல்லாத பொஞ்சாதி மௌத்தானா புருசனுக்குப் பாதி. குர்ஆன்ல இரிக்கி. நீ படிச்சவன், ஒனக்கு நான் சொல்லணுமா?"

"தெரியும் ராத்தா."

"மறுகா என்னத்துக்கு வாயப் பொத்திட்டு இரிக்காய்? புத்தக அறையும் நீ கட்டினதானே."

"ஊரு வழக்கத்துல அது ஸபியாட குடிக்குத்தான்."

"வழக்கமும் மண்ணாங்கட்டியும். நாளைக்கு நீ வந்து கிடக்க எனக்கிட்ட என்ன இரிக்கி? என்ட ஊடும் மகள்ட பேருக்குப் போச்சு. நானே விறாந்தயிலதான் படுக்கிற."

உண்மை. ராத்தாவே பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் எனக்கு இன்னொரு பாய். உம்மாவின் வீடு ராத்தாவுக்குப் போனது, ராத்தாவின் வீடு மகளுக்குப் போனது. என் ஆய்வில் இதற்கு ஒரு வரைபடமே இருக்கிறது. அம்புக்குறிகள் பெண்ணிலிருந்து பெண்ணுக்கு. ஆண்களுக்கு முக்கோணம் போட்டிருக்கிறேன், அம்புக்குறி ஒன்றும் இல்லை.

பாதி என்று ஒரு சொல் சொன்னால் இந்த வீடு என்னோடு நிற்கும். அதே சொல்லால் ஜெஸீமாவின் கலியாணம் உடையும். இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆனால் போக மனமில்லை. அதை இங்கே எழுதியே ஆகவேண்டும். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. கிணற்றடியில் அவள் உடுப்புத் துவைத்த கல் இருக்கிறது. அவள் கிடந்த கட்டில் இருக்கிறது. வேறு எங்கேயும் அவள் இல்லை.


பெப்ரவரி 17, செவ்வாய்

காலையில் ஜெஸீமா. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"பெரியவாப்பா, நீங்க எங்கயும் போகத் தேவல்ல. பெரியும்மாட அறயில நீங்க இரிங்க. இந்தச் சம்மந்தம் இல்லாட்டி இன்னொண்டு வரும்."

"ஆரு சொல்லித் தந்த? உம்மாவா?"

"இல்ல. உம்மாக்குத் தெரியா. தெரிஞ்சா அடிப்பா."

"அந்தப் பொடியன உனக்கு விருப்பமா புள்ள?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்தது. பேங்கில் அவளுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. போனமாதம் எனக்காக இரண்டு தரம் காசோலை மாற்றப் போனவள் அவள்தான். ஒரு தரம் போனாலே போதுமாயிருந்தது.

"போய் உம்மாவ வரச்சொல்லு" என்றேன்.

ஜெமீலா வந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் எப்போதும் என்னோடு கதைப்பாள்.

"மச்சான், நாங்க ஒங்கள ஒண்டும் சொல்லல்ல."

"தெரியும் மச்சி. சொல்லாம இருந்ததுதான் பிழ."

"ராத்தா கிடந்த ஊட்டுல ஒங்களுக்கு நாங்க எப்பிடிச் சொல்லுற?"

அவள் ராத்தா என்றது ஸபியாவை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள், இந்தப் பக்கம் நான். கதவு நடுவில் இருந்தது நல்லதாய்ப் போனது.


பெப்ரவரி 18, புதன்

உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்குப் போய் என் பங்கை ஜெஸீமாவுக்கு எழுதிக் கொடுத்தேன். நொத்தாரிசு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "யோசிச்சுத்தானே சேர்?" "ஓம்." யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மருதமுனை ராத்தாவுக்கு ஆள் அனுப்பினேன், புத்தகங்களுக்கு விறாந்தையில் ஒரு மூலை வேண்டுமென்று. பதில் வந்தது: "அல்லா குடுத்த பங்க வேணாமெண்டு சொல்ல அவன் ஆரு? கேளு. கேட்டுட்டுப் புத்தகத்தக் கொண்டரச் சொல்லு."


பெப்ரவரி 19, வியாழன்

காற்று. கடல் இரைச்சல் வீடுவரை. நேற்றுப் பேசி வைத்த மாட்டு வண்டில் விடிய வந்தது. பெட்டி, பெட்டியாகப் புத்தகம். மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி கடைசியில்.

உறுதி எழுதியது நொத்தாரிசுக்கும் எனக்கும் தெரியும். ஹாஜியாருக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் பெண்ணைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி ஆகும். ஜெமீலா தலை குனிவாள். அதனால் இப்படிச் செய்தேன்.

வண்டில்காரர், "பின் ரோட்டால போனாக் கிட்ட, சேர்" என்றார்.

"வேணா. கடத்தெருவால போங்க."

"சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

ஹாஜியாரின் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன்.

"ஹாஜியார், பெட்டி ஆடுது. கட்டுறத்துக்குக் கொஞ்சம் கயிறு வேணும்."

கயிற்றை அளக்கப் போனவர் வண்டிலைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த என் மேசையைப் பார்த்தார். மேசைக்கு நாலு காலும் வானத்தைப் பார்த்து நின்றன.

"எங்க கொண்டு போறீங்க சேர்?"

"மருதமுனைக்கு. ராத்தா ஊட்ட."

"எல்லாமா?"

"எல்லாம்."

 கயிற்றை வெட்டிச் சுருட்டிக் கையில் தந்தார். காசு நீட்டினேன்.

"கயித்துக்கு என்ன காசி சேர், வைங்க" என்றார். வெளியே வந்து பெட்டியைத் தன் கையாலேயே கட்டினார். நல்ல முடிச்சு. மருதமுனையில் அவிழ்க்க நானும் ராத்தாவும் பட்டபாடு.

புத்தகம் ராத்தாவின் விறாந்தையில். பக்கத்து வளவில் தறி. நாள் முழுக்க அடிக்கிற சத்தம். நான் இன்னும் இங்கே சாய்ந்தமருதிலே, வெறும் அறையில். கலியாணம் ஒன்று சரிவரும் வரைக்கும் இருங்கள் என்று ஜெமீலா சொல்லியனுப்பியிருக்கிறாள். இது உபசாரம் என்று இப்போது எனக்கு விளங்குகிறது.


பெப்ரவரி 22, ஞாயிறு

தகவல் வந்துவிட்டது. மார்ச் எட்டு. வெள்ளாமையும் முடிந்துவிடும்.

ஜெஸீமா ஓடி வந்து சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் குரவை விட்டார்கள், அப்படித்தான் அறிந்தேன்.


மார்ச் 1, ஞாயிறு

வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது. இனியும் தள்ள முடியாது. அலுமாரியைத் திறந்தேன்.

அவள் சேலைகளை ஜெமீலா வந்து எடுத்துக்கொண்டாள். இரண்டை ஜெஸீமாவுக்கென்று பிரித்தாள். ஒன்றை நான் கேட்டு எடுத்தேன், அந்தக் கத்தரிப்பூ நிறம். எதற்கு என்று ஜெமீலா கேட்கவில்லை.

கீழ்த்தட்டில் என் சாரன்கள். கம்பஸிலிருந்து மாதத்தில் ஒரு தரம், சில நேரம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், மலைப்பாதையின் பதினெட்டு வளைவும் இறங்கி வருவேன். வந்தால் அந்தத் தட்டில் எனக்குச் சாரன் மடித்து இருக்கும். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அந்த ஒரு தட்டுத்தான். நான் பெரிதாகக் கட்டிய புத்தக அறை அல்ல.

அவள் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. அவிழ்த்தால் போய்விடும். மடிப்போடு பயணப் பைக்குள் வைத்தேன். உடுக்க மாட்டேன்.

இன்று நிறைய அழுதேன். வெள்ளையடிக்கிறவர் சுண்ணாம்பு கண்ணில் பட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்.


மார்ச் 6, வெள்ளி

து.த.விடமிருந்து தந்தி. குறிப்பு எங்கே?

ஒரே மூச்சில் எழுதினேன். கல்விப் பின்னணி முன் எழுதியபடி. கற்பித்தல் ஆர்வங்கள்: கீழ்க்கரைச் சமூக வரலாறு, வாய்மொழி மூலாதாரங்கள், குடிமுறை. 'தாய்வழிச் சொத்துரிமை' என்று எழுதிய இடத்தில் 'சொத்துரிமையும் அதில் ஆண்களின் நிலையும்' என்று சேர்த்தேன். அடுத்த வருஷம் இதற்கு ஐந்தாவது விரிவுரை வேண்டும். மாணவர்கள் வழக்கம்போல என் வாயைப் பிடித்து ஆதாரம் கேட்பார்கள். நான்தான் பழக்கினேன். எதைச் சொன்னாலும் 'ஆதாரம் என்ன?' என்று கேள் என்று.

ஸபியாவையும் அது தொற்றியிருந்தது. பஸ் பிந்திவிட்டது என்று நான் வாசலில் நின்று சொன்னால், "ஆதாரம்?" என்று கை நீட்டுவாள். டிக்கட்டைக் கொடுத்தால்தான் தேத்தண்ணீர்.

நிரந்தர முகவரி. சாய்ந்தமருது வளவின் இலக்கத்தைக் கை தானாக எழுதியது. அடித்தேன். மருதமுனை எழுதினேன். ராத்தாவின் மருமகன் முகம் நினைவு வந்தது, அதையும் அடித்தேன். கம்பஸ் குவாட்டர்ஸ் பென்ஷன் வரைக்கும்தான். கடைசியில் 'மே/பா வரலாற்றுத் துறை' என்று போட்டுத் தபாலில் சேர்த்தேன். நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.


மார்ச் 8, ஞாயிறு

வெயில், காற்றில்லை. பந்தல். வாசலில் இரண்டு வாழை. இறைச்சி மணம் விடியவே.

ஜெஸீமாவுக்குத் தம்பி இல்லை, வாப்பா பந்தலில் விருந்தாட்களோடு. மாப்பிள்ளையைக் கைபிடித்து வீட்டுக்குள் ஏற்ற ஒருவர் வேண்டும். ஜெமீலா கதவுக்குப் பின்னால் இல்லாமல், முதல் தரம் முன்னாலேயே வந்து நின்று, "மச்சான், நீங்கதான்" என்றாள்.

மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பைசிக்கிள், வான், றபான் கொட்டு. தொப்பியும் மாலையுமாக ஒல்லிப் பொடியன். கை பிடித்தேன். குளிர்ந்து, வேர்த்து இருந்தது. என் கையும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும். ஸபியாவின் வாப்பா பிடித்தார், இதே படி. பெண்கள் குரவை விட்டார்கள். வலது காலை வை மகன் என்றேன். வைத்தார். விட்டேன்.

காவின் (நிக்காஹ் பதிவு) எழுதி, சாப்பாடு முடிந்து, சனம் கலைந்தது. நான் வெளியில் செருப்புத் தேடினேன். இருபது வருஷமாக இந்த வீட்டில் என் செருப்பு உள்ளே கட்டிலுக்குக் கீழே இருக்கும். இன்று வாசலில் எல்லாருடைய செருப்போடும் கிடந்தது. நானே கழற்றியிருக்கிறேன், நினைவில்லை.

மாப்பிள்ளை கண்டுவிட்டார். புதுச் சாரன் மொறமொறக்க வாசல்வரை வந்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர்.

"ஏன் சேர் வெளியில நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க. இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவருக்குப் பின்னால் ஜெஸீமா. அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இல்ல மகன்" என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாகுது."

பஸ் நாளைக்குத்தான். அந்த வீட்டில் ஆதாரம் கேட்க ஆள் இல்லை.